மேற்கல் போன வழி

ஞாயிற்றுக்கிழமை மதியம் தேஹோ என்ற தட்டு வீசும் ஆட்டம் நடக்கிற கொட்டகைக்குள் பெலார்மினோ காலெடுத்து வைத்தால் போதும், ஆட்டம் அப்படியே நின்றுவிடும். எதிரே சாய்ந்து நிற்கும் களிமண் பெட்டியில் பதித்த வெடிப் பொட்டணத்தைப் பார்த்து இரும்புத் தட்டை வீசப்போன நெப்போ, கையை இறக்கிக்கொண்டு, பெஞ்சில் இருக்கும் தன் பீர் பாட்டிலை எடுத்துக் கம்பளிப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வார்.

"அவங்கவங்க சாமான அவங்கவங்க பாத்துக்குங்கப்பா. ஆலைக் கல்லையே தூக்கிட்டுப் போன குடும்பம் வந்திருக்கு. பாட்டிலெல்லாம் எந்த மூலைக்கு."

கொட்டகை சிரிக்கும். பெலார்மினோவும் சிரித்தாக வேண்டும். சிரிக்காவிட்டால் இன்னொரு சுற்று வரும். "அந்தக் கல்லத்தான் தலைக்கு வச்சுப் படுக்கறேன், வந்து பாருய்யா" என்று எதையாவது சொல்லிவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நிற்பார். அறுபதை நெருங்குகிற வயதிலும் அவர் கை குறி தப்பாது. பொட்டணம் டப்பென்று வெடிக்கும். "கல்லு தூக்கின பரம்பரைல்ல, கையில பலம் இருக்கும்" என்று அதையும் கொண்டுபோய் அங்கேயே சேர்ப்பார் நெப்போ.

விஷயம் இதுதான். குசாகா ஓடை, மேலூரான லோமாவிலிருந்து கீழூரான வேகாவுக்கு இறங்குகிற வழியில், பெலார்மினோவின் உருளைக்கிழங்குத் தோட்டத்து ஓரமாக, முள்ளும் புதரும் மூடிய இடிந்த சுவர் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அது தண்ணீரால் ஓடிய கோதுமை ஆலை. பண்ணையார் கட்டியது. பண்ணை உடைந்து நிலமெல்லாம் பங்கானபோது ஆலை இரண்டு ஊருக்கும் பொதுவாக வந்தது. வாய்க்காலும் மதகும் லோமாவின் பொறுப்பு. ஆலை வேகாவின் பொறுப்பு. மதகைப் பார்த்துக்கொண்டவர் நெப்போவின் தாத்தா அப்தோன். மாவு அரைத்தவர் பெலார்மினோவின் தாத்தா க்ரூஸ்.

ஒரு மழைக்காலத்தில் ஓடை கரையை உடைத்துக்கொண்டு வந்தது. ஆலைக்குள் இடுப்பளவு சேறு. மழை விட்டதும் லோமாக்காரர்கள் இறங்கி வந்து சேற்றை வழித்துப் பார்த்தால் கீழ்க்கல் மட்டும் மொட்டையாகக் கிடக்கிறது, மேற்கல்லைக் காணோம். நாலு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கல். வெள்ளம் கொண்டுபோயிருந்தால் ஓடையில் எங்கேயாவது கிடக்க வேண்டும். தேடிப் பார்த்தும் இல்லை. அடுத்த அறுவடைக்குள் க்ரூஸ் வீட்டில் புல்கூரை போய் ஓட்டுக்கூரை வந்தது. இதற்கு மேல் லோமாவுக்கு என்ன சாட்சி வேண்டும்? அடுத்த பள்ளத்தாக்கு ஆலைக்காரனுக்குக் கல்லைத் தள்ளிவிட்டு ஓடு வாங்கிப் போட்டான் க்ரூஸ் என்று பேச்சு முடிந்துபோனது. க்ரூஸ் இல்லையென்று சொல்லிச் சொல்லியே செத்தார். அவர் மகன் சொல்லிப் பார்த்து அலுத்து, சொல்வதை விட்டார். பேரன் பெலார்மினோ சிரிக்கக் கற்றுக்கொண்டார்.

மழை இல்லாத ஜனவரியில் ஒரு நாள், பல்கலைக்கழகத்திலிருந்து யமிலே என்ற பெண் இரண்டு மாணவிகளோடு ஜீப்பில் வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம், காதில் பென்சில். இந்த மலைப்பக்கத்துப் பழைய ஆலைகளைத் தேடித் தோண்டிப் பார்ப்பது அவள் வேலை. டாக்டர் யமிலே என்று ஒரு மாணவி சொன்னதுதான் தாமதம், பெலார்மினோவின் மனைவி குஸ்தோதியா பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காலை நீட்டிவிட்டாள்.

"நல்லவேளை வந்தீங்க டாக்டரம்மா. இந்த வலது முழங்கால்தான் மடக்கவே முடியல."

"அம்மா, நான் அந்த டாக்டர் இல்ல. இடிஞ்ச சுவருக்கு டாக்டர்."

"அப்ப எங்க சமையக்கட்டுச் சுவரப் பாத்துட்டுப் போங்க. அதுவும் இந்த முழங்கால் மாதிரிதான் நிக்குது."

யமிலே சிரித்துவிட்டாள். அதோடு அவள் அந்த வீட்டுப் பெண் ஆகிவிட்டாள். சூடான வெல்லத்தண்ணீரும் அன்று காலை உறைந்த பாலாடைக்கட்டியும் வந்தன. ஆலை இருக்கும் இடத்தைத் தோண்ட அனுமதி வேண்டும் என்று அவள் கேட்டபோதுதான் பெலார்மினோவின் முகம் சுருங்கியது.

"அதுல என்னங்க இருக்கு. முள்ளு, பாம்பு. உங்களுக்கு எதுக்கு வீண் வேலை."

"என்ன இருக்குன்னு பாக்கத்தான் கேக்கறேன். ஆலை எப்பக் கட்டினாங்க, எப்படி ஓடிச்சு, எப்படி நின்னுச்சு, எல்லாம் அந்த மண்ணுல இருக்கும்."

எப்படி நின்றது என்பதுதான் அவருக்கு இடித்தது. தாத்தா திருடவில்லை என்று அவர் நம்பினார். நம்பினார் என்பதுதான் விஷயம், தெரியாது. தோண்டாத வரைக்கும் அந்த நம்பிக்கையை யாரும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது. அவர் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது போலக் கொஞ்ச நேரம் நின்றார். குஸ்தோதியா பின்னாலேயே வந்தாள்.

"என்ன பயம்?"

"பயம் என்ன பயம். செத்தவங்கள எதுக்குக் கிளறணும்?"

"செத்தவரத்தான் வாராவாரம் நெப்போ கிளறிக்கிட்டிருக்கானே. அதுக்கு டாக்டரம்மா கிளறட்டும், அவங்களாவது பிரஷ் வச்சுக் கிளறுவாங்க."

"ஒருவேள நெஜமா இருந்துட்டா?"

அவள் அவரையே பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இருந்தா, திருட்டுக் கூரையா இருந்தாலும் ஒழுகாமத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போவோம்," என்றாள். பிறகு வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "நீங்க தோண்டுங்க டாக்டரம்மா. நிலத்துல பாதி என் பேருல இருக்கு."

முள் வெட்டி, கயிறு கட்டி, கட்டம் கட்டமாகப் பிரித்து வேலை தொடங்கியது. செய்தி லோமாவுக்கு ஏறிப் போக நேரமாகவில்லை. மறுநாளே நெப்போ ஒரு மடக்கு நாற்காலியோடு இறங்கி வந்து, சுவரோரம் நிழல் பார்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நான் பாட்டுக்கு ஓரமா இருக்கேன் டாக்டரம்மா. லோமா சார்பா ஒரு ஆள் வேணுமில்ல. இல்லாட்டி இவங்க மிச்சக் கல்லையும் கொண்டுபோயிடுவாங்க."

குஸ்தோதியா எல்லோருக்கும் கொண்டுவந்த வெல்லத்தண்ணீரில் அவருக்கும் ஒரு குவளை கொடுத்தாள். "குடி. குடிச்சுட்டுக் குவளையத் திருப்பிக் குடு. நாங்கதான் திருட்டுக் குடும்பம், நீங்க இல்லையே." நெப்போ குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்தார்.

பெலார்மினோ அந்தப் பக்கமே போகவில்லை. பக்கத்தில் உருளைக்கிழங்கு வரப்பில் மண் அணைத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு வரப்பை முடித்துத் திரும்பும்போதெல்லாம் தலை தானாக அந்தப் பக்கம் போகும்.

வாரம் ஆக ஆக மண்ணுக்குள்ளிருந்து ஆலை எழுந்து வந்தது. கல் பாவிய தரை. வாசற்படி, நடுவில் பள்ளமாகத் தேய்ந்தது. எத்தனை கோதுமை மூட்டை அதில் ஏறி இறங்கியதோ. உடைந்த சட்டிகள், ஒரு குதிரை லாடம், மண்ணோடு மண்ணாகக் கருகிய கோதுமை மணிகள். கடைசியில் தரையின் நடுவே கீழ்க்கல். வட்டமாக, நடுவில் துளையோடு, முகத்தில் வெட்டிய பள்ளவரிகளோடு, நேற்று கழுவி வைத்தது போல இருந்தது. யமிலே முழந்தாளிட்டு அந்த வரிகளில் விரலை ஓட்டினாள். அவள் புருவம் ஏறியது.

"ஐயா, கொஞ்சம் வர்றீங்களா," என்று வரப்பைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

பெலார்மினோ மண்வெட்டியை ஊன்றிவிட்டு வந்தார். நெப்போ நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இந்த வரியத் தொட்டுப் பாருங்க. விளிம்பு கூரா இருக்கு. அரைக்க அரைக்க இது மழுங்கும். மழுங்கினா மேற்கல்லக் கப்பி போட்டுத் தூக்கி ஓரமா வச்சுட்டு உளியால கொத்தணும். இது கொத்தி முடிச்ச கல்லு. அதுக்கப்புறம் இதுல ஒரு பிடி கோதுமைகூட அரைபடல." அவள் ஒரு பையிலிருந்து துருப்பிடித்த இரும்பை எடுத்துக் காட்டினாள். கல் கொத்துகிற சுத்தியலின் தலை. "இதுவும் பக்கத்துலயே கெடந்துச்சு."

"அப்ப வெள்ளம் வந்த அன்னிக்கு மேற்கல்லு ஏற்கனவே கழட்டித்தான் இருந்துச்சுன்றீங்க," என்றார் நெப்போ நிதானமாக.

"ஆமா."

"கழட்டி வச்சாச்சு. வெள்ளமும் வந்தாச்சு. கேக்க ஆளில்ல. வண்டியில ஏத்தறது மட்டுந்தான் பாக்கி." நெப்போ தொடையில் தட்டிக்கொண்டார். "நான் இத்தன நாளா அந்தாளு எப்படித் தூக்கினான்னுதான் யோசிச்சேன். டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

அன்று மாலையே லோமா முழுக்கப் பல்கலைக்கழகமே தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று பேச்சு. பெலார்மினோ ராத்திரிச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேஹோவுக்குப் போகவில்லை. அவர் போகாமலிருந்த ஞாயிறு என்று அதற்கு முன்னால் அவருடைய மாமியார் செத்த ஞாயிறு ஒன்றுதான்.

ஆனால் யமிலேவுக்கு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. தரையில் கல் பாவியது எல்லாப் பக்கமும் ஒழுங்காக இருக்க, கீழ்க்கல்லுக்குக் கிழக்கே ஒரு பாயகலம் மட்டும் கல் இல்லை. அந்த இடத்தில் ஓடைச் சரளை, அடர்த்தியாக. முதலில், தரைக்கல்லை யாரோ வீடு கட்டப் பெயர்த்திருப்பார்கள் என்று நினைத்தாள். சரளையைச் சுரண்டிக்கொண்டே போனபோது விளிம்பில் இருந்த தரைக்கற்கள் கீழ்ப்பக்கமாகச் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தன. பெயர்த்த தரை அப்படித் தொங்காது. இடிந்து உள்ளே விழுந்த தரைதான் தொங்கும்.

திங்கட்கிழமை காலை அவள் நேராக உருளைக்கிழங்கு வரப்புக்கே வந்துவிட்டாள்.

"ஐயா, இந்தத் தரைக்கு அடியில ஒரு கமான் அறை, வளைஞ்ச கல்லுக்கூரை போட்டது, இருக்கும். தண்ணி விழுந்து சக்கரம் படுத்தவாக்குல சுத்தற எடம். வெள்ளம் வந்தப்ப அந்தக் கமானோட கிழக்குப் பக்கம் உள்ள விழுந்திருக்கு. மேற்கல்லக் கழட்டி ஓரமா வச்சாங்கன்னா எங்க வச்சிருப்பாங்க?"

"மேற்கால சுவரு ஒட்டி இருக்கு. வடக்கால வாசல். தெக்கால தானியம் கொட்டற தொட்டி." பெலார்மினோ சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினார். மிச்சம் இருந்தது கிழக்கு.

"நானும் கெழக்காலதான்னு நினைக்கறேன்," என்றாள் யமிலே. "ஆனா நினைக்கறது போதாது. கீழறைக்குள்ள மேலருந்து எறங்க முடியாது, மிச்சக் கமானும் தலையில விழும். தண்ணி வெளிய போற வாய் ஓடைப்பக்கம் இருக்கும். அங்கருந்து உள்ள தோண்டிப் போகணும். எனக்கு ஆள் வேணும்."

அவர் கம்பளிப் போர்வையைக் கழற்றி வேலியில் போட்டார். அவர் ஒருவர் போதாது. நெப்போ நாற்காலியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரும் எழுந்து சட்டைக் கையை மடித்தார்.

"நீ எதுக்குய்யா?" என்றார் பெலார்மினோ.

"உள்ள கல்லு இல்லன்னு மொத ஆளாப் பாக்கறதுக்கு. நீ மட்டும் போனா ஏதாவது கல்லக் காட்டி இதுதான்னு சொல்லிடுவ."

"அவ்வளவு பெரிய கல்ல நான் எங்கய்யா மறைச்சுக் கொண்டுபோவேன்?"

"உங்க குடும்பத்துக்கா தெரியாது?"

இருவரும் ஒரே பள்ளத்தில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, நாலு நாளைக்கு மேல் தோண்டினார்கள். யமிலே பின்னால் நின்று, இங்கே மண்வெட்டி, இங்கே கரண்டி, இங்கே கை மட்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மாணவிகள் கமானுக்கு மரத்தால் முட்டுக் கொடுத்தார்கள். ஒருவர் சரளையை வாளியில் அள்ள, மற்றவர் வெளியே தள்ளுவார். வாய் மட்டும் ஓயவில்லை. நெப்போவின் மாட்டைப் பற்றிப் பெலார்மினோவும், பெலார்மினோவின் உருளைக்கிழங்கைப் பற்றி நெப்போவும் சொல்லாத குறையில்லை. நடுவில் ஈரச் சேற்றில் சக்கரத்தின் ஒரு மரத்துடுப்பு, அகப்பை போலக் குழித்துச் செதுக்கியது, அழுகாமல் அப்படியே வந்தபோது மட்டும் இருவரும் பேச்சை நிறுத்தி, கைக்குழந்தையை வாங்குவது போல இரண்டு பக்கமும் பிடித்து யமிலேவிடம் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நெப்போ முன்னால் இருந்தார். இடம் குறுகல் என்பதால் படுத்தவாக்கில் கையை மட்டும் நீட்டிச் சரளையை வாரிக்கொண்டிருந்தார். அவர் கை எதிலோ தட்டியது. சுவர் என்று நினைத்தார். ஆனால் சுவர் வளையாது. விரலை ஓட்டினார். வளைவு போய்க்கொண்டே இருந்தது. உள்ளங்கையை விரித்து முகப்பைத் தடவினார். வரி. பக்கத்தில் இன்னொரு வரி. நடுவிலிருந்து விரிந்து வருகிற வரிகள்.

"இருக்குய்யா," என்று உள்ளேயிருந்து கத்தினார். "இருக்கு, இருக்கு. இங்கதான் இருக்கு. நட்டுக்கிட்டு நிக்குதுய்யா மகராசன். பெலார்மினோ, வாய்யா, வந்து தொட்டுப் பாரு. முழுசா இருக்கு."

பெலார்மினோவின் காலைப் பிடித்து யாரோ உள்ளே தள்ளினார்கள். இரண்டு கிழவர்களும் எலி வளைக்குள் மாட்டிக்கொண்டது போல ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்து கல்லைத் தடவினார்கள். நெப்போ இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தார். "குளிரக் குளிர இருக்குய்யா. நம்ம தாத்தனுங்க அரைச்ச கல்லு." பிறகுதான் அவருக்கு உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது. டார்ச் வெளிச்சத்தில் அவர் முகம் பெலார்மினோவின் முகத்துக்கு ஒரு முழத்தில் இருந்தது. சேறு அப்பிய முகம், வாய் திறந்தபடி.

"ஐயோ," என்றார் நெப்போ சன்னமாக.

அழுகைதான் வரும் என்று பெலார்மினோ நினைத்திருந்தார். வந்தது சிரிப்பு. வயிற்றிலிருந்து கிளம்பி, குறுகலான அந்தப் பொந்தில் எதிரொலித்து, வெளியே நின்ற பெண்களுக்கு உள்ளே என்ன ஆனதோ என்று பயம் வருகிற அளவுக்கு. அவர் சிரிக்கச் சிரிக்க நெப்போவுக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் வெளியே இழுத்துப் போடப்பட்டபோது கண்ணீர் சேற்றில் வழி வெட்டியிருந்தது. அது எந்தக் கண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. குஸ்தோதியா மட்டும் முழங்கால் வலியை மறந்து ஓடி வந்து, புருஷனின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நெப்போ தொப்பியை எடுத்து, மடக்கு நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மேடேறிப் போனார்.

அடுத்த சில நாளில் மேலே வாய்க்காலைச் சுத்தம் செய்த மாணவிகள் மதகையும் கண்டுபிடித்தார்கள். இரண்டு கல்தூண்களுக்கு நடுவே, சேறு பொத்தி வைத்திருந்த கெட்டிப் பலகை. பலகையில் வரிசையாகத் துளைகள். பலகையைத் தூக்கி, தூணுக்கு மேலே வந்த துளையில் முளை செருகினால் அது அந்த உயரத்தில் நிற்கும். முளை பலகையின் கீழ்க்கோடித் துளையில் இருந்தது. பலகை முழுக்கத் தூக்கி, மதகு முழுக்கத் திறந்து.

பெலார்மினோ அதை நின்று பார்த்தார். அவருக்கு விளக்கத் தேவையில்லை. பெருமழையில் மதகு திறந்து கிடந்தால் ஓடை முழுக்க ஆலைக்குள்தான் வரும். மதகின் பொறுப்பு அப்தோன் கையில். லோமாக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்களே, தண்ணீரின் சாவி எங்களிடம் என்று.

"இதையும் எழுதுவீங்களா டாக்டரம்மா?"

"எழுதித்தான் ஆகணும். ஆனா எதுக்குத் திறந்திருந்துச்சுன்னு மண்ணு சொல்லாது. அவர் மூட ஓடி வந்து முடியாமப் போயிருக்கலாம். கரை உடையாம இருக்கத் திறந்தும் விட்டிருக்கலாம். தெரியாது."

வாழ்நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு வட்டியோடு திருப்பிக் கொடுக்க ஒரு பலகை. ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குள் நுழைந்து அதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று பெலார்மினோ நினைத்துப் பார்த்தார். இனித்தது. வரப்பில் நடந்தபடியே நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொன்றும் முந்தியதைவிட இனித்தது. வீட்டு வாசலுக்கு வந்தபோது நெப்போ பொந்துக்குள் கத்திய கத்தல் ஞாபகம் வந்தது. 'வாய்யா, வந்து தொட்டுப் பாரு.' அவர் வீட்டுக்குள் போகாமல் அப்படியே திரும்பி லோமாவுக்கு ஏறினார்.

நெப்போ மாட்டுத் தொழுவத்தில் இருந்தார். பெலார்மினோவைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"வெரட்டி வெரட்டித் திட்டறதுக்குத்தான் வந்திருக்க. திட்டு. நான் எதுத்துப் பேசமாட்டேன்."

"திட்ட வரல. உக்காரு, ஒண்ணு சொல்லணும்." பலகை, துளை, முளை, யமிலே சொன்னது எல்லாவற்றையும் பெலார்மினோ ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். "எழுத்துல வர்றதுக்கு முன்னால உனக்குத் தெரியட்டும்னுதான்."

நெப்போ மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஆக, ஆலைய மூழ்கடிச்சதும் நாங்க. திருடன்னு ஏசினதும் நாங்க."

"ஒருவேள. டாக்டரம்மா தெரியாதுன்னாங்க."

"நீ கொட்டகையில போய்ச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லத்தான் நினைச்சேன். நல்லாத் தயார் பண்ணியும் வச்சிருந்தேன்."

"எங்க, சொல்லு பாப்போம்."

பெலார்மினோ சொல்லிக் காட்டினார். நெப்போ தலையை ஆட்டினார். "இதாய்யா நக்கலு? இத்தன வருஷம் எங்கிட்ட வாங்கியும் ஒண்ணும் கத்துக்கல. நீ சொன்னா கெட்டுப்போயிடும். நானே சொல்றேன்."

சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் பெஞ்சின்மேல் ஏறி நின்று, தாத்தா அப்தோன் மதகைத் திறந்து வைத்துவிட்டு எந்த வீட்டில் வெல்லம் புளிக்கவைத்த கள் குடித்துக்கொண்டிருந்தார், மழைச் சத்தம் கேட்டதும் எப்படித் தொப்பியைத் தேடினார், தொப்பி தலையிலேயே இருந்தது என்பதெல்லாம் கண்ணால் பார்த்தது போலச் சொன்னார். பாதி அவர் கட்டிவிட்டது. ஜனங்கள் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தார்கள். கடைசியில் பெஞ்சை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, எல்லோர் முன்னாலும் பெலார்மினோவின் எதிரே நின்றார்.

"உங்க தாத்தா திருடல. நான் பொறந்ததுலருந்து தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்கய்யா."

பெலார்மினோ தன் பீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்தார். நெப்போ ஒரு வாய் குடித்தார்.

"ஆனா அந்த ஓடு எங்கருந்துய்யா வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? பன்னி வித்திருப்பாரு."

"சரி. அதுக்குத் தனியா ஒரு டாக்டரம்மா வரட்டும்."

கல்லை வெளியே எடுக்கிற நாளில் இரண்டு ஊரும் ஓடைக்கரையில் கூடியிருந்தன. முட்டுக் கொடுத்துத் திறந்த தரைப் பள்ளத்துக்கு மேல் மரங்களை முக்கோணமாகக் கட்டி, கப்பி மாட்டி, வடம் கோர்த்து, ஒரு பக்கம் நெப்போவின் மாடுகள், ஒரு பக்கம் பெலார்மினோவின் மாடுகள். கொம்பில் பூ கட்டியிருந்தார்கள். யாரோ கித்தாரும் யாரோ தகரத்தைச் சுரண்டி ஒலியெழுப்பும் வாத்தியமும் கொண்டுவந்து வாசித்தார்கள். யமிலே உள்ளே நின்று, மெல்ல, மெல்ல என்று கத்திக்கொண்டிருந்தாள். கல் முதலில் அசையவில்லை. பிறகு சேறு உறிஞ்சுகிற பெரிய சத்தத்தோடு விட்டுக்கொடுத்து, சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்து வெயிலில் தொங்கியது. கூட்டம் கைதட்ட மறந்து பார்த்தது. அப்புறம்தான் சத்தம் எழுந்தது. அதைப் பலகைமேல் இறக்கியதும் பெண்கள் சுற்றி வந்து கையால் தொட்டார்கள். குஸ்தோதியா மடியில் ஒரு படி கோதுமை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஒரே ஒரு சுத்து, டாக்டரம்மா. ஒரு பிடி மாவு."

"அம்மா, இதுல அரைக்க விட்டா என் வேலை போயிடும்."

"போனா எங்க வீட்டுச் சுவரக் கட்ட வாங்க."

யமிலே மறுத்துவிட்டாள். கோதுமை மாடுகளுக்குப் போனது. கரையில் கித்தாருக்கு ஜோடி ஜோடியாக ஆடத் தொடங்கியிருந்தார்கள். லோமாக்காரி யார், வேகாக்காரன் யார் என்று பார்க்க அன்று யாருக்கும் பொழுதில்லை. சேறும் ஈரமுமாக நெப்போ குஸ்தோதியாவை ஆடக் கூப்பிட்டார். அவள் முழங்காலைக் காட்டினாள். பிறகு, "சரி, மெதுவா" என்று எழுந்தாள்.

பெலார்மினோ சூப்புக் கிண்ணத்தோடு பள்ளத்தின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். யமிலே மறுபடி உள்ளே இறங்கியிருந்தாள். கல் நின்ற குழியில் மண்டியிட்டு, கரண்டியால் மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, ஆறிடும். மேல வாங்க."

"ஐயா, இந்தப் பக்கம் டார்ச் அடிங்க."

அவர் அடித்தார். குழியின் அடியில் இன்னொரு வளைவு தெரிந்தது. சின்னது, கறுத்தது, மேலே ஏற்றிய கல்லின் ரகமே இல்லை. சுற்றிலும் வட்டமாக அடுக்கிய கற்கள்.

"இது வேற ஆலை," என்றாள் யமிலே. "பண்ணையார் ஆலைக்கு அடியில. அதுக்கு முந்தினது. பண்ணையார் புதுசாக் கட்டல, இருந்தது மேல கட்டியிருக்கார். யாரோ உங்க ஜனங்க, அவருக்கு முன்னாலயே."

செய்தி கேட்டு ஆட்டம் நின்றது. எல்லோரும் விளிம்புக்கு வந்து குனிந்தார்கள். முதலில் வாய் திறந்தவர் நெப்போ.

"அப்ப அது லோமாக்காரங்க கட்டினதாத்தான் இருக்கும். தண்ணி யாரு கையில இருந்துச்சு?"

"யாரு நிலத்துல இருக்குன்னு பாருய்யா மொதல்ல," என்றார் பெலார்மினோ.

"நிலம் உன்னது. புத்தி எங்களது."

"உங்க புத்தியத்தான் மதகுல பாத்தமே."

யமிலே கீழே உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, மேலே அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். மேலே வர அவளுக்கு மனமில்லை. "எனக்கு சூப்ப இங்கயே குடுத்துடுங்களேன்," என்றாள்.

நெப்போ சரளை அள்ளிய வாளியைக் கழுவினார். பெலார்மினோ கிண்ணத்தை அதற்குள் வைத்தார். ஒரு துண்டு ரொட்டியும் வைத்தார். இருவரும் கப்பியின் வடத்தைச் சேர்ந்து பிடித்துக்கொண்டு, நீ அசைக்காதே, நீ அசைக்காதே என்று ஒருவரை ஒருவர் அதட்டியபடி, ஒரு சொட்டும் சிந்தாமல் கீழே இறக்கினார்கள்.